மதுரை மொட்டை மாடியில் சக்குலன்ட்: வெயிலைவிட இரவைக் கவனியுங்கள்

இலையிலும் தண்டிலும் நீரைச் சேர்த்து வைக்கும் சதைப்பற்றுள்ள செடிதான் சக்குலன்ட். சக்குலன்ட் என்றால் பாலைவனச் செடி, பாலைவனச் செடி வெயில் தாங்கும், மதுரையில் வெயிலுக்கா பஞ்சம் என்ற கணக்கில்தான் பலரும் வாங்குகிறார்கள். இலைகளை வட்டமாக அடுக்கிய எச்சிவேரியா டிசம்பரில் வீட்டுக்கு வரும். சித்திரையில் அடியிலைகள் மஞ்சளித்து, நீர் கோத்து, வெளிச்சம் ஊடுருவும் நிலைக்கு வந்துவிடும். வைகாசியில் தொட்டால் தலை தனியாகக் கையோடு வரும். “வெயில் பொசுக்கிடுச்சு” என்று சொல்லிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவோம். பல வருடங்களாக மொட்டை மாடியில் இவற்றோடு பழகியதில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் வேறு. இங்கே பெரும்பாலான சக்குலன்ட்களைக் கொல்வது இரவிலும் இறங்காத வெக்கையும், அந்த வெக்கையில் ஈரமாகக் கிடக்கும் மண்ணும்.

இந்தச் செடிகள் மூச்சு விடும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இது புரிந்துவிடும். வேம்பும் செம்பருத்தியும் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. அப்போது நீரும் ஆவியாக வெளியே போகும். தண்ணீர் அரிதான இடங்களில் பிழைக்கப் பழகிய சக்குலன்ட்கள் பலவும் பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் காற்று குளிர்ந்த பிறகு திறக்கின்றன. அப்போது எடுத்த வாயுவை மாலிக் அமிலமாக இலைக்குள் சேர்த்து வைத்து, விடிந்து வெளிச்சம் வந்ததும் அதை உணவாக்கிக்கொள்கின்றன. இதைக் கவனித்து எழுதிய முன்னோடிகளில் ஒருவர் மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, நடுப்பகலில் சப்பென்று ஆகிவிடுகிறது என்ற அவருடைய குறிப்பு 1815-ல் லண்டன் லின்னியன் சங்கத்தின் இதழில் வந்தது. கருவி எதுவும் இல்லாமல் நாக்கை மட்டும் வைத்துக் கண்டுபிடித்த விஷயம்! என் மாடியிலும் ரணகள்ளி நிற்கிறது. தை மாத விடியலில் இலையின் ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்தால் புளியாரைக் கீரை அளவுக்குச் சுள்ளென்று புளிக்கும். கத்திரி வெயில் காலத்து விடியலில் அதே செடியில் அந்தப் புளிப்பு மங்கியிருக்கும். (நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது.)

இரவில் 15, 20 டிகிரிக்கு இறங்கும் ஊரில் இந்த ஏற்பாடு சிக்கலில்லாமல் நடக்கும். மதுரையில் மே மாதப் பகல் 38, 40 டிகிரி என்று ஏறுகிறது. இரவிலோ 26, 27-க்குக் கீழே வருவதே அபூர்வம். மொட்டை மாடியில் இன்னும் மோசம், பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தளம் விடிய விடியக் கக்கிக்கொண்டிருக்கும். மெக்சிகோ மலைப் பகுதிகளைப் பூர்வீகமாகக் கொண்ட எச்சிவேரியாவுக்கு இப்படிப்பட்ட இரவு பழக்கமில்லை. துளைகளைச் சரிவரத் திறக்காமல், சேர்த்து வைத்ததைச் செலவழித்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் கிடக்கும். வேரும் தண்ணீர் கேட்காது. இலை சுருங்குகிறதே என்று பதறி நாம் ஊற்றுவது குடிக்க ஆளில்லாமல் தொட்டியிலேயே நிற்கும். சூடும் ஈரமும் சேர்ந்த அந்த மண் பூஞ்சைக்குத்தான் வசதி.

கொடைக்கானலில் என் சித்தி வீட்டு முற்றத்தில் இதே எச்சிவேரியா பழைய பெயின்ட் வாளியில் கொத்துக் கொத்தாகப் பெருகிக் கிடக்கிறது. 2,100 மீட்டர் உயரம், மே மாதத்திலும் இரவு 12, 13 டிகிரிதான். மழை நேரடியாகத் தலையில் விழுகிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. “என்னத்தைடி இதுக்குப் போய் பாத்துப் பாத்துச் செய்யிற, அது பாட்டுக்கு வளருது” என்பார் சித்தி. அந்தக் கொத்திலிருந்து பிரித்த குட்டி மதுரையில் மார்ச் வரை அழகாக இருந்தது, ஏப்ரலில் அடியிலைகளை உதிர்க்கத் தொடங்கியது. மண் அங்கிருந்தே வந்தது, இங்கும் காலை வெயில் மட்டும் படும் இடம்தான். சித்தி சொல்வது அவர் ஊருக்கு முழு உண்மை. ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரு நர்சரிகளில் மயங்கி வாங்கிவரும் செடிகள் சமவெளியில் ஏன் தங்குவதில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

அதனால் வாங்குமுன் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இது எந்த நாட்டுச் செடி, அந்த ஊர் இரவு எப்படி இருக்கும்? அரேபியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இருந்து வந்த, அடித்தண்டு கிழங்கு போலப் பருத்திருக்கும் அடினியத்துக்கு மதுரைக் கோடை கொண்டாட்டம். உச்சி வெயிலில், தளத்தின் சூட்டில், இலையைவிடப் பூ அதிகமாக நிற்கும். மடகாஸ்கரைச் சேர்ந்த முள்தண்டுக் கள்ளியான யூஃபோர்பியா மிலியும் அப்படியே, சிவப்பும் வெளிர்மஞ்சளுமாக ஆண்டு முழுவதும் பூக்கும். நர்சரிக்காரர்கள் நம்மிடம் ‘ஜேட்’ என்று கொடுப்பது பெரும்பாலும் போர்ச்சுலகாரியா. செம்பழுப்புத் தண்டு, சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்ட இலை. தென்னாப்பிரிக்கக் காடுகளில் யானைகள் விரும்பித் தின்னும் செடி, ஒடித்த கிளையிலிருந்து மறுபடி தழைப்பது அதன் பிறவிக் குணம். முழு வெயிலிலும் நிற்கும், அரை நிழலிலும் நிற்கும், தண்ணீர் கிடைப்பதைப் பொறுத்துப் பகல் மூச்சுக்கும் இரவு மூச்சுக்கும் மாறிக்கொள்ளக்கூடியது. உண்மையான ஜேட் கிராசுலா. தடித்த பெரிய இலை, பச்சைத் தண்டு. அதற்கு நம் கோடை இரவுகள் ஒத்துக்கொள்வதில்லை. கடையில் இரண்டும் ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், எனவே இலையைப் பார்த்து எடுங்கள்.

ஸ்நேக் பிளான்ட், சோற்றுக்கற்றாழை, கலஞ்சோ வகைகள் இவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, தண்ணீரை அடக்கி ஊற்றினால் போதும். வரிவரியாக வெள்ளைக் கோடு போட்ட ஹவோர்தியாவும் காஸ்டீரியாவும் நேர் வெயில் படாத பால்கனிக்கு நல்ல துணை. எச்சிவேரியா வடிவம்தான் வேண்டும் என்று ஏங்குபவர்களுக்கு நான் கொடுப்பது கிராப்டோபெட்டலம் பராகுவேயென்ஸ், அதே ரோஜா அடுக்கு, சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு, நம் வெக்கையை அதைவிட நன்றாகத் தாங்குகிறது. எச்சிவேரியாவைச் சாமந்தி, டேலியா வாங்குவதைப் போலப் பருவச் செடியாக நினைத்து வாங்குவதில் தவறே இல்லை. மழை ஓய்ந்த டிசம்பரில் வாங்கி மார்ச் வரை ரசிக்கலாம். அதற்குப் பிறகும் பிழைத்தால் மகிழ்ச்சி. தலையில் சிவப்பு, மஞ்சள் உருண்டை ஒட்டிய ‘மூன் கேக்டஸ்’ மட்டும் வேண்டாமே என்பேன். அந்த உருண்டையில் பச்சையம் கிடையாது, தானாக உணவு செய்ய முடியாது, கீழே ஒட்டு வைத்த கள்ளியின் தயவில் கொஞ்ச காலம் உட்கார்ந்திருக்கும். குழந்தைகள் ஆசையாக வாங்கி, அது அழுகும்போது மனம் உடைந்து போகிறார்கள்.

நம் மண்ணிலேயே இருக்கும் சக்குலன்ட்களை யாரும் தொட்டியில் வைத்துப் பார்ப்பதில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம். பிரண்டை, சதுரக்கள்ளி, மருள் எல்லாம் இந்த வகைதான். பிரண்டையைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு மண் தொட்டியில் வைத்து, கம்பியில் ஏற்றிவிட்டால் துவையலுக்குத் துவையல், அழகுக்கு அழகு. தென் மாவட்டக் கரடுகளில் ஆடு மேய்ப்பவர்கள் பசிக்குப் பிடுங்கித் தின்னும் கள்ளிமுளையான் ஒன்று போதும், நமக்குப் பாடம் நடத்த. விரல் பருமனில் நாற்பட்டைத் தண்டு, சின்ன நட்சத்திரப் பூ. அது வெட்டவெளியில் வளர்வது குறைவு, ஏதாவது ஒரு முள்செடியின் காலடியில், சல்லடை நிழலில், சருகுக்கும் சரளைக்கும் நடுவில்தான் இருக்கும். இந்த ஊரிலேயே பிறந்து இந்த வெயிலுக்கே பழகிய செடி நிழல் தேடி நிற்கிறது. கடைச் செடிக்கு மே மாதத்தில் நிழல்வலை கட்டுவது செல்லம் கொடுப்பதாகாது. (காட்டிலிருந்து வேரோடு பிடுங்காதீர்கள். ஒரு தண்டு ஒடித்து வந்தால் போதும், வேர் விடும்.)

நிழல் என்று வந்ததும் சூரியன் நிற்கும் இடத்தைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகளில் ‘தெற்கு ஜன்னலில் வையுங்கள், வடக்குப் பக்கம் வெயில் வராது’ என்று இருக்கும். அது அவர்கள் ஊருக்கு. ஏப்ரல் நடுவில் சூரியன் மதுரைக்கு நேர் உச்சியில் வருகிறது. அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகலில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். ஆக, மே, ஜூன் மாதங்களில் வடக்குப் பார்த்த பால்கனிக்குள்ளும் வெயில் புகும், தெற்குச் சுவருக்கு வெளிப்பக்கம் நிழல் இருக்கும். மார்கழியில் எல்லாம் தலைகீழ். தொட்டிகளை ஒரே இடத்தில் ஆண்டு முழுக்க விட்டுவைத்தால், ஜனவரியில் நிழலில் இருந்த ஹவோர்தியா ஜூனில் பொசுங்கிப் பழுப்பாகும். மாடியில் எனக்குப் பிடித்த இடம் மேற்குக் கைப்பிடிச் சுவரின் உட்புறம். காலை வெயில் தாராளமாகக் கிடைக்கும், பிற்பகலில் சுவரின் நிழல் கிழக்கே நீண்டு தொட்டிகளை மூடிக்கொள்ளும். இது செலவில்லாத நிழல்வலை.

வலை கட்டுவதானால் 50 சதவீத நிழல் தரும் வலை போதும். 75 சதவீதம் போட்டால் செடி கழுத்தை நீட்டி நோஞ்சானாகிவிடும். உயரம் முக்கியம். தலை இடிக்கிற உயரத்தில் கட்டினால் கீழே அனல் தங்கும், ஏழு எட்டு அடிக்கு மேலே கட்டி, நாலு பக்கமும் திறந்து விடுங்கள். மார்ச் முதல் வாரத்திலேயே கட்டிவிட வேண்டும், அக்னி நட்சத்திரம் பிறந்த பிறகு கட்டுவதில் பயனில்லை. நர்சரியின் பசுமைக்குடிலில் வளர்ந்த செடியை வாங்கி வந்த அன்றே வெயிலில் வைத்தால் இலையில் முதலில் வெளிறிய திட்டு விழும், பிறகு அது காய்ந்த பழுப்பாகும். அந்தத் தழும்பு ஆறாது, இலை உதிரும் வரை இருக்கும். இரண்டு மூன்று வாரம் காலை வெயிலை மட்டும் காட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்த்துங்கள். அடினியத்துக்கு இந்த வலையே வேண்டாம், பழகிய பிறகு முழு வெயில்தான் அதன் இடம்.

தொட்டிக்கு நான் மானாமதுரைக்குப் போவேன். கடம் செய்கிற ஊர், அங்கத்திய மண்பாண்டங்களுக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சுட்ட மண்ணின் சுவர் வழியே ஈரம் கசிந்து ஆவியாகும்போது தொட்டி குளிர்கிறது, பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். வெயிலில் நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் விளிம்பைப் பிற்பகலில் தொட்டுப் பாருங்கள், கையை எடுத்துவிடுவீர்கள். அதற்குள் இருக்கும் நுனிவேர்கள் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். ஆனால் மண் தொட்டியில் ஒரு குறை, அடி ஓட்டை பெரும்பாலும் சுண்டுவிரல் கூட நுழையாத அளவுக்குத்தான் இருக்கும். “அண்ணே, ஓட்டை பெருசா வேணும், நாலு போட்டுத் தர முடியுமா” என்று ஒரு முறை கேட்டேன். “சுடுறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்மா, சுட்டதுக்கப்புறம் தட்டுனா விரிசல் ஓடிரும்” என்றார், சக்கரத்திலிருந்து கையை எடுக்காமலேயே. அதிலிருந்து முன்கூட்டியே சொல்லி வைத்து, பச்சை மண்ணாக இருக்கும்போதே கட்டைவிரல் நுழையும் அளவில் போட்டு வாங்குகிறேன். பழைய தொட்டியாக இருந்தால் ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, டிரில்லில் மெதுவாகத் துளைக்கலாம்.

தொட்டியைத் தளத்தில் நேராக வைக்காதீர்கள். இரண்டு செங்கல் துண்டுகள் மேல் ஏற்றினால் அடியில் காற்று ஓடும், தளத்தின் சூடும் நேராக ஏறாது, ஓட்டையும் அடைபடாது. சின்னத் தொட்டிகள் மிக விரைவில் சூடாகும். அவற்றை நெருக்கமாக வைத்தால் ஒன்றின் நிழல் ஒன்றின் மேல் விழும். இன்னும் நல்லது, பெரிய மண் தொட்டிக்குள் சின்னதை இறக்கி இடைவெளியில் மணல் நிரப்புவது. கீழே தட்டு வேண்டவே வேண்டாம். வடிந்த தண்ணீரைத் தொட்டி திரும்ப உறிஞ்சும், டெங்குக் கொசு முட்டையிடவும் அந்தத் தட்டுதான் இடம்.

இனி மண். நர்சரிச் செடிகள் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவில் வருகின்றன. ஈரமானால் நாள் கணக்கில் காயாது, ஒரு முறை முற்றிலும் காய்ந்துவிட்டால் ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும், நடுவில் ஒரு சொட்டும் இறங்காது. இரண்டும் நம் கோடைக்கு ஆகாது. வாங்கி வந்ததும் அந்த நாரை விரலால் உதிர்த்து எடுத்து, வேரைச் சுற்றி வலைப்பை இருந்தால் கத்தரித்து, இரண்டு நாள் நிழலில் காயவிட்டு மாற்றி நடுவேன்.

என் கலவை: உடைத்த செங்கல் சல்லி மூன்று பங்கு, பருமணல் இரண்டு, செம்மண் இரண்டு, மட்கிய மண்புழு உரம் ஒன்று. சல்லி பட்டாணி அளவுக்கு இருக்க வேண்டும், தூளைச் சலித்துத் தள்ளிவிட வேண்டும். செங்கல் நுண்துளைகளில் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், துண்டுகளுக்கு நடுவே காற்றுக்கும் இடம் விடும். வீடு கட்டும் இடங்களில் சும்மாவே கிடைக்கும் பொருள். ஆற்று மணல் எளிதில் கிடைப்பதில்லை, எம் சாண்ட் போதும், ஆனால் கல் மாவு நிறைய கலந்திருக்கும். கொசுவலையில் கொட்டித் தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும். அலசாமல் போட்டால் அந்த மாவு அடியில் இறுகித் தளம் போலாகிவிடும். பூச்சு வேலைக்கு விற்கும் பி சாண்ட் பக்கமே போக வேண்டாம். பெர்லைட், பியூமிஸ் என்று முழுக்கக் கல்லாகவே போடச் சொல்லும் வெளிநாட்டுக் கலவைகள் மதுரை மாடியில் ஒரே நாளில் காய்ந்து, வேரைச் சுட்டுவிடும். அதனால்தான் செம்மண் சேர்க்கிறேன். நனைத்த கலவையைக் கையில் பிடித்து விட்டால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். தொட்டியில் ஊற்றும் தண்ணீர் மேலே குளமாக நிற்காமல் உடனே இறங்க வேண்டும்.

அடியில் ஜல்லி பரப்பினால் வடிகால் நன்றாக இருக்கும் என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறோம். நடப்பது வேறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது, மேலே உள்ள மண் முழுக்க நிறைந்து தளும்பினால்தான் சொட்டும். தொட்டியின் அடியில் நிற்க வேண்டிய ஈரப் படலம் ஜல்லிக்கு மேலே, வேருக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். ஓட்டையின் மேல் ஒரு வலைத்துண்டு, அதன் மேல் நேராகக் கலவை, அவ்வளவு போதும். ஜல்லியைக் கலவையின் மேற்பரப்பில் போடுங்கள், தண்டுக்கு அடியில் ஈரம் படாமல் காக்கும்.

தண்ணீர் விஷயத்தில் ‘வாரம் ஒரு முறை’ என்ற கணக்கை நான் நம்புவதில்லை. மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் அடி வரை செருகி, ஐந்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் அடியில் ஈரம் இருக்கிறதா என்று அதுவே சொல்லிவிடும். இலையும் சொல்லும். சுருங்கிய இலை, காய்ந்த மண் என்றால் தாகம், நன்றாக நனையும்படி ஊற்றலாம். சுருங்கிய இலை, ஈர மண் என்றால் வேர் போய்விட்டது, அப்போது ஊற்றும் ஒவ்வொரு சொட்டும் கேடு. அடினியத்தின் கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதும் இதே கணக்குதான். மிருதுவாகி மண் காய்ந்திருந்தால் ஒரு நீர்ப்பாய்ச்சலில் கெட்டிப்படும். மிருதுவாகி மண் ஈரமாக இருந்தால் உடனே வெளியே எடுத்து, அழுகியதை வெண்மையான சதை தெரியும் வரை செதுக்கி, நிழலில் பல நாள் காயவிட வேண்டும்.

கோடையில் நான் ஊற்றுவது இருட்டிய பிறகு, தொட்டியின் சுவர் ஆறியதும். காலையில் ஊற்றினால் பதினோரு மணிக்கு அந்த ஈரமே வெந்நீராகி வேரை அவிக்கும். இன்னொன்று, மாடித் தண்ணீர் டேங்கிலிருந்து வரும் தண்ணீர். கறுப்பு பிளாஸ்டிக் டேங்கும் வெயிலில் கிடக்கும் குழாயும் சேர்ந்து மாலையில் கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் தரும். விடியற்காலையில் வாளிகளில் பிடித்து நிழலில் வைத்துவிட்டு, அதை இரவில் பயன்படுத்துகிறேன். மழைக்காலத்தில் இது மாறும். காற்றில் ஈரம் அதிகம், இரவில் ஊற்றினால் காயாது, எனவே காலையில்தான், அதுவும் தேவைப்பட்டால்.

ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் தொட்டியின் வெளிச்சுவரில் வெள்ளை பூக்கும். உள்ளே மண்ணிலும் அதே உப்பு சேர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து அவ்வப்போது ஓட்டை வழியாகத் தாராளமாக ஓடும்படி ஊற்றிக் கழுவிவிடுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரில் உப்பு செறிந்திருக்கும், அதை ஊற்ற வேண்டாம். உரம் பற்றிக் கவலை வேண்டாம், கலவையில் உள்ளதே ஒரு வருடத்துக்குக் காணும்.

கோடை மழைதான் என்னை அதிகம் பயமுறுத்துவது. மே மாதம் மாலையில் இடியோடு ஒரு மணி நேரம் கொட்டும். மறுநாள் காலையிலிருந்து பழையபடி 38 டிகிரி. ஊறிய மண்ணும் அந்தச் சூடும் சேர்ந்த இரண்டு மூன்று நாட்களில் தண்டின் அடியைக் குனிந்து பாருங்கள். மண்ணை ஒட்டி வெள்ளை இழைகள் விசிறியாகப் படர்ந்து, நடுவில் கடுகு போல் பழுப்பு உருண்டைகள் தெரிந்தால் அது ஸ்கிளரோட்டியம் பூஞ்சை. அந்த உருண்டைகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண்ணை வேறு தொட்டிக்கு மாற்றிப் பயன்படுத்தாதீர்கள், குப்பையில் சேருங்கள். தொட்டியைக் கழுவி நல்ல வெயிலில் பல நாள் காயவையுங்கள். மேல்தண்டு நலமாக இருந்தால் கூரான கத்தியால் பூஞ்சைக்கு நன்கு மேலே வெட்டி, வெட்டுவாய் தோல் கட்டும்வரை நிழலில் போட்டுப் புதுக் கலவையில் நடலாம்.

அக்டோபர், நவம்பர் மழைக்கு நிழல்வலை உதவாது. 200 மைக்ரான் யூவி ஷீட்டைச் சரிவாகக் கட்டி, பக்கங்களைத் திறந்து விட்டால் போதும். தார்ப்பாய் போட்டு மூடினால் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. அடினியம் அந்த மாதங்களில் இலை உதிர்த்தால் கலங்காதீர்கள், ஓய்வெடுக்கிறது. தண்ணீரை நிறுத்திவிட்டு, மழை படாத இடத்தில் வையுங்கள். பிப்ரவரியில் கிளைகளை வெட்டிவிட்டால் கோடையில் பூ அடர்த்தியாக வரும். அடினியத்தில் ஒரே இரவில் ஒரு கிளை மொட்டையானால் இலைக்கடியில் தேடுங்கள். விரல் பருமனில் பச்சைப் புழு, தலைக்குப் பின்னால் நீலமும் வெள்ளையுமாக இரண்டு கண் போன்ற பொட்டு, வாலில் சின்னக் கொம்பு. அரளி விட்டில் பூச்சியின் புழு அது. மருந்து அடிக்க வேண்டியதில்லை, எடுத்துப் பக்கத்து அரளிச் செடியில் விட்டுவிடுவேன்.

மாவுப்பூச்சிக்கு முன்னால் எறும்பு வரும். தொட்டியில் எறும்பு வரிசை தெரிந்தால் இலை இடுக்கையும் வேரையும் பாருங்கள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைப்பதுதான் நம்பகமான வழி. வேப்பெண்ணெய் தெளிப்பதானால் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் சில சொட்டு, மாலையில் மட்டும். எண்ணெய்ப் படலத்தோடு வெயிலில் நின்றால் இலை வெந்துவிடும். இலைமேல் வெண்மாவுப் பூச்சு உள்ள செடிகளில் அடிக்கவே வேண்டாம், அந்தப் பூச்சுதான் அவற்றின் குடை, போனால் அந்த இலையில் திரும்ப வராது. வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அடினியத்தின் பால் கொடிய விஷம், ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவிய பொருள் அது. குழந்தைகளும் ஆடு மாடும் எட்டாத உயரத்தில் இரண்டையும் வையுங்கள்.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு ஜனவரி நல்ல மாதம். மழை ஓய்ந்திருக்கும், இரவு 20, 21 டிகிரிக்கு இறங்கியிருக்கும், எல்லாச் செடியும் வேர் பிடிக்கத் தயாராக இருக்கும். ஓர் அடினியம், ஒரு போர்ச்சுலகாரியா, தெரிந்தவர் வீட்டிலிருந்து ஒரு பிரண்டைத் துண்டு, ஒரு ரணகள்ளி இலை என்று ஆரம்பியுங்கள். பிரண்டையையும் போர்ச்சுலகாரியாக் கிளையையும் வெட்டி மூன்று நான்கு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகு நட வேண்டும். அடினியத்தை விதையிலிருந்து வளர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள், கிழங்கு திரள்வது அதில்தான், கிளை நட்டதில் பெரும்பாலும் திரளாது. பிப்ரவரிக்குள் வேர் ஊன்றிவிட்டால் முதல் கோடையை அவை தாண்டிவிடும். ஜூலையில் காற்று வீசத் தொடங்கும்போது அடுத்த செடியைப் பற்றி யோசிக்கலாம்.